புகையிலையை விடுகிறவருக்குப் பேச ஓர் ஆள்

சாப்பிட்டுக் கை கழுவியதும் நாக்கு தானாகக் கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தடவிப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. கை சட்டைப்பைக்குப் போகிறது. அங்கேயும் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் தூக்கிப் போட்டாயிற்று. "என்ன தேடுறீங்க?" என்கிறார் எதிரே இருக்கும் மனைவி. "ஒண்ணுமில்ல."

மெல்லும் புகையிலையை விடுவதில் உள்ள தனிச் சிக்கல் இந்த "ஒண்ணுமில்ல"வுக்குள் இருக்கிறது. சிகரெட்டை விட்டவரைச் சுற்றியிருப்பவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வாடை இல்லை, லைட்டர் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எழுந்து போவதில்லை. யாராவது ஒருவர் "என்ன, விட்டுட்டியா?" என்று கேட்பார். கன்னத்தில் அடக்கி வைத்தவர் விட்டால் அப்படிக் கேட்க ஆள் இல்லை. போட்டதே பலருக்குத் தெரியாது. வருடக்கணக்கில் வீட்டுக்குத் தெரியாமல், எச்சிலைத் துப்பாமல் விழுங்கிக்கொண்டே அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. விட்டதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் போட்டதைச் சொல்லியாக வேண்டும். அதற்குக் கூசிக்கொண்டு முதல் வாரத்தைத் தனியாகவே தள்ளப் பார்க்கிறார்கள். அந்த முதல் வாரத்தில்தான் பெரும்பாலானோர் திரும்பப் போய்விடுகிறார்கள்.

உலகில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருந்தும் "விடுவது" என்ற பேச்சு பெரும்பாலும் புகையைப் பற்றியதாகவே இருக்கிறது. துண்டுப் பிரசுரத்தில் நுரையீரல் படம், ஆலோசகரின் முதல் கேள்வி "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" வாயில் போடுபவர் அங்கே உட்கார்ந்து தான் தப்பான வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று யோசிப்பார். பக்கத்தில் இருக்கும் புகைபிடிப்பவர் வேறு, "உங்களுக்குப் பரவாயில்லைங்க, நெஞ்சுக்குள்ள போகாது" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் இது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகவே சொல்லியிருக்கிறது.

அடிமைத்தனத்தின் வடிவமே இங்கே வேறு. துணை ஏன் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். சிகரெட் ஐந்தாறு நிமிடத்தில் எரிந்து முடிந்துவிடும். நிகோடின் சில நொடிகளில் மூளைக்கு ஏறி, அப்புறம் இறங்கும். கன்னத்தில் ஒதுக்கியது அப்படி முடிவதில்லை. வாயின் உள்தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது, அரை மணி நேரம் போல ஏறிக்கொண்டே இருக்கிறது, துப்பிய பிறகும் ரத்தத்தில் நின்று நிதானமாகத்தான் குறைகிறது. ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறையச் சுமார் 2 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த கிள்ளு போய்விடும். இப்படி விழித்திருக்கும் நேரம் முழுக்க உடம்புக்கு ஓர் அடித்தளம் போட்டு வைத்திருக்கிறது இந்தப் பழக்கம். சிலர் வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவதும் உண்டு.

இதனால் மெல்லுபவருக்கு ஆசை வரும் "தருணங்கள்" குறைவு, ஆசை நிறைந்த "நேரங்கள்" அதிகம். நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது, இரவு வேலை, கணக்குப் பார்ப்பது, வயலில் தனியாக நிற்பது, ஆளில்லாத இடத்தில் காவல் இருப்பது போன்ற மணிக்கணக்கான வேலைகள். கவனியுங்கள், எல்லாமே தனியாக இருக்கும் நேரம். டீ இடைவேளையில் நாலு பேரோடு நின்று பிடிக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. விடும்போது அந்த மணிநேரங்கள் அப்படியே காலியாகக் கிடக்கும், பேசவும் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பேச ஆள் என்ற யோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் என்ற ஊரில், வியாபாரம் கைகூடாமல் போன ஒருவர் விடுதி முகப்பில் நின்றுகொண்டிருந்தார். பெயர் பில் வில்சன். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களுக்கு வரிசையாக அழைத்து, "பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும்" என்கிற மாதிரி கேட்டார். சுற்றி வளைத்துக் கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். குடியை விடுபவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அங்கே தொடங்கியது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. வில்சன் அறிவுரை சொல்ல ஆள் தேடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடினார். இன்னொருவனிடம் பேசிக்கொண்டிருக்கும் வரை நான் குடிக்க மாட்டேன் என்பது அவர் போட்ட கணக்கு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், பிராங்க் ரீஸ்மன் என்ற சமூகவியலாளர் இதற்கு 'உதவுபவர் சிகிச்சை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். உதவி பெறுபவரைவிட உதவி செய்பவருக்கே அதிகப் பலன் கிடைக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதே வழியில் 1980களில் கலிபோர்னியாவில் புகைபிடிப்பவர்களுக்கான கூட்டங்கள் தொடங்கின. முதலில் 'ஸ்மோக்கர்ஸ் அனானிமஸ்' என்று இருந்த பெயர் பிறகு 'நிகோடின் அனானிமஸ்' என்று மாறியது. எந்தக் காரணத்துக்காக மாறியிருந்தாலும் மெல்லுபவருக்கு இந்தப் பெயர் மாற்றம் ஒரு கதவு. புகை என்ற சொல் போய் நிகோடின் என்ற சொல் வந்ததும் அவரும் உள்ளே வந்து உட்காரலாம். (இந்தக் கூட்டங்களில் வரும் பன்னிரண்டு படிகள், மேலான சக்தி என்ற பேச்சு எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் குற்றமில்லை, வேறு ஆளைத் தேடலாம்.)

துணை இருந்தால் உண்மையிலேயே பலன் உண்டா? ஆய்வுகள் நேரான பதில் தருவதில்லை. இருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகரெட்டைப் பற்றியவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்து, கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைபிடிக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம்தான். ரத்த உறவைவிட நட்பு முந்திக்கொண்டது. மனிதர்கள் கூட்டம் கூட்டமாகவே விடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

சரி, அப்படியானால் துணையை ஏற்பாடு செய்து கொடுத்தால்? 1998இல் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. புகையை விட ஒரே கிளினிக்குக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். நான்கு வாரம் முடிந்தபோது இணையோடு இருந்தவர்களில் 27 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், தனியாக இருந்தவர்களில் 12 சதவீதம். இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். நாலு வாரம் என்பது நாலு வாரம்தான். குழுவாக விடுவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) அறிக்கை, தானே புத்தகம் படித்து விட முயல்வதைவிடக் குழு நல்லது, ஆனால் தனிப்பட்ட ஆலோசனையைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது. வீட்டுத் துணைக்குப் பயிற்சி கொடுத்து "நீங்கள் ஆதரவாக இருங்கள்" என்று சொன்ன திட்டங்களைப் பற்றிய இன்னொரு காக்ரன் அறிக்கையில் விட்டவர்கள் எண்ணிக்கை கூடியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை.

முரண்பாடு போலத் தெரிகிறது. மனைவி தானே விட்டால் கணவனுக்கு அவ்வளவு பலன், ஆதரவாக இருந்தால் மட்டும் ஏன் பலன் தெரியவில்லை? என் கணிப்பு இது: கூடவே விடுபவர் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆதரவாக இருப்பவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார். "இன்னைக்குப் போட்டீங்களா? வாயைக் காட்டுங்க. சத்தியமா?" கோஹனும் லிக்டென்ஸ்டைனும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுத் துணையின் நல்ல சொற்களுக்கும் நச்சரிப்புக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம் என்று காட்டியது. வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பயந்துபோய்க் கேட்கிறார்கள். ஆனால் தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். மூன்றாம் நாள் மாலையில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருப்பது ஏன் என்பதை, அதே சுவரில் முட்டியவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவரை எங்கே பிடிப்பது? பலருக்கும் தோன்றாத இடம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். பொட்டலத்தை உங்களிடம் நீட்டியவர், உங்களிடம் கேட்டு வாங்கியவர். அவரும் எத்தனையோ முறை மனதுக்குள் விட்டுப் பார்த்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார். "நான் விடப்போறேன், நீங்களும் வர்றீங்களா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்பினால் இரண்டு வாரம் அவரிடமிருந்து தள்ளி இருப்பதுதான் புத்திசாலித்தனம். வருகிறேன் என்றால் கையில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார், கூடவே கடன் கேட்க இருந்த ஒரு பொட்டலமும் உலகத்தில் குறைந்தது.

அடுத்தது பல் மருத்துவர். நீங்கள் மறைத்தாலும் உங்கள் வாய் அவரிடம் மறைக்காது. வழக்கமாக ஒதுக்கும் இடத்தில் ஈறு இறங்கியிருக்கும், தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்பதாலேயே அவரிடம் பேசுவது சுலபம். வாயைப் பரிசோதித்து, கண்ணாடியில் அந்த இடத்தைக் காட்டி, அதோடு தொலைபேசியில் ஆலோசனையும் கொடுத்த திட்டங்கள் மெல்லுபவர்களிடம் நல்ல பலன் தந்திருக்கின்றன. விட்டு வருடமான வேறு நோயாளி யாராவது பேச ஒப்புக்கொள்வாரா என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பல நாடுகளில் இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை உண்டு. அதில் அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே "சிகரெட் இல்லைங்க, வாயில போடுறது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பத்து நிமிடம் சாம்பல் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கிடைத்தவர் சரியான ஆளா என்று பார்க்கவும் வழி உண்டு. நிஜமாகவே விட்டவர் பெரிய வார்த்தைகள் பேச மாட்டார். மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவார். தூக்கம் வராமல் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்ததை, வாய் எதையாவது மெல்லத் துடித்ததை, சூயிங்கம் மென்று தாடை வலித்ததை, சின்ன விஷயத்துக்குக் குழந்தையிடம் கத்திவிட்டுப் பிறகு வெட்கப்பட்டதைச் சொல்வார். "மன உறுதி இருந்தா போதும்" என்று மட்டும் சொல்பவர் மறந்துவிட்டார், அல்லது விடவே இல்லை. கூடவே ஒரு பொடியோ மாத்திரையோ விற்கப் பார்ப்பவர் துணை இல்லை, வியாபாரி.

ஒரே ஆள் போதாது என்பது என் எண்ணம். உங்களோடு அதே வாரத்தில் விடுபவர் ஒருவர், ஆறு மாதமாவது முன்னால் போனவர் ஒருவர். ஒரே படியில் நிற்கும் இருவர் மட்டும் என்றால் ஒருவர் வழுக்கும்போது மற்றவரும் சேர்ந்து வழுக்குவார். "சரி, இன்னைக்கு ஒண்ணு மட்டும், நாளையிலேர்ந்து ரெண்டு பேரும்" என்ற உடன்படிக்கை எவ்வளவு சுலபமாக உருவாகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பேச்சு எப்படி இருக்கும்? ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். இரவு வேலைக்குப் போகும் ஓர் இளைஞருக்கும் சரக்கு வண்டி ஓட்டும் ஒரு பெரியவருக்கும் இடையே காலையில் போய்வரும் செய்திகள் இப்படி இருக்கலாம்:

"அண்ணே, எழுந்துட்டேன். இன்னைக்குப் போட மாட்டேன்."

"நானும் போட மாட்டேன் தம்பி. வேலை எத்தன மணிக்கு?"

"ராத்திரி பத்துக்கு."

"ரெண்டு மணிக்குத்தான் உசுரு போகும். அப்ப கூப்பிடு. நான் சரக்கு இறக்கிட்டு முழிச்சுத்தான் இருப்பேன்."

"தொந்தரவு இல்லையாண்ணே?"

"எனக்கும் அந்த நேரம்தாம்பா."

இதில் அறிவுரை என்று ஒரு வரிகூட இல்லை. வாக்குறுதி ஒரு நாளைக்கு மட்டும். வாழ்நாள் முழுக்க என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் விட்ட மூன்றாம் நாள் வாழ்நாளை நினைத்தால் யாருக்கும் மூச்சு முட்டும். ஆபத்தான மணிநேரம் எது என்று பெயர் சொல்லிக் குறித்தாயிற்று. கடைசி வரியில், உதவி கேட்பவருக்குக் கடன்பட்ட உணர்வு வராமல் பெரியவர் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த நேரம் தேவைதான்.

இதில் ஒரே ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்: வாயில் போடுவதற்கு முன்னால் அழைப்பு வர வேண்டும். போட்ட பிறகு வரும் அழைப்பு பாவமன்னிப்பு கேட்பது. முன்னால் வருவதுதான் உதவி. ஆசையின் ஓர் அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு மறுமுனையில் கிரிக்கெட்டைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருந்தால்கூடப் போதும்.

சறுக்கினால்? ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் எழுதிய புத்தகத்தில் ஒரு மனநிலையை விவரித்தார்கள். விரதம் ஒருமுறை கெட்டதும், "கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன?" என்று முழுதாக விழுவது. ஒரு கிள்ளு செய்யும் கெடுதலைவிட அந்த எண்ணம் செய்யும் கெடுதல் பெரிது. இங்கே துணையின் முதல் கேள்வி "ஏன் போட்ட?" என்று இருக்கக் கூடாது. "மிச்சம் கையில இருக்கா? இப்பவே கொட்டு, நான் லைன்ல இருக்கேன்" என்று இருக்க வேண்டும். ஏன் என்பதை மறுநாள் பேசலாம். நாள் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா வேண்டாமா என்று சண்டை போடும் குழுக்கள் உண்டு. சிலருக்கு அந்தக் கறார் பிடித்தமாக இருக்கிறது, சிலரை அது ஓடவைக்கிறது. ஓடிவிட்டவருக்குத் துணை இல்லை என்பதால் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

உடல்ரீதியான அவஸ்தை முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பாராட்டுகளும் அதே வாரங்களில் அடங்கிவிடும். அதற்கப்புறம் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் ஒரு மந்தம் வருகிறது என்று பலர் சொல்வார்கள். ஆசை என்று சொல்ல முடியாது, எதிலும் ருசி இல்லாத ஒரு சப்பென்ற நிலை. யாரும் விசாரிக்காத காலம் அது. முன்னால் போனவர் அங்கேதான் தேவைப்படுகிறார். "எனக்கும் வந்துச்சு, ஒரு மாசம் இருந்துச்சு, போச்சு" என்று அவர் சொன்னால் அதற்குத் தனி எடை.

ஆனால் அவர் சொல்லவே கூடாத வாக்கியமும் கிட்டத்தட்ட அதேதான். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கட்டியோ இருந்தால் "எனக்கும் இருந்துச்சு, தானா போயிடும்" என்று எந்தத் துணையும் சொல்லக் கூடாது. விட்ட பிறகு பல வெள்ளைத் திட்டுகள் மறைந்துவிடுவது உண்மை. எது மறையும், எது மறையாது என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மனம் ரொம்பவும் தளர்ந்து, உயிர்மேல் வெறுப்பு வரும் அளவுக்குப் போனாலும் அப்படித்தான்.

மருந்தும் துணைக்கு எதிரி இல்லை. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, புகையிலையை விட விரும்புபவர்களுக்கு ஆலோசனையையும் மருந்தையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. மெல்லுபவர்களிடம் நடந்த ஆய்வுகளில் வாரெனிக்ளின் மாத்திரைக்கும் நிகோடின் சப்பு மாத்திரைக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. எதை, எவ்வளவு என்பது மருத்துவரின் வேலை. எப்படிப் பயன்படுத்துவது என்பதில் விட்டவரின் வாய்மொழி கைகொடுக்கும். புகையிலை மென்று பழகியவர்கள் நிகோடின் சூயிங்கத்தைப் பழக்கதோஷத்தில் கடித்துக் குதறிவிடுவார்கள். அப்புறம் விக்கல், நெஞ்செரிச்சல், "இது வேலை செய்யல" என்ற முடிவு. நாலைந்து கடி கடித்து, சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்குவதில் அவர்களுக்குத்தான் பல வருட அனுபவம் இருக்கிறதே. காபியோ பழச்சாறோ குடித்த கையோடு போட்டால் நிகோடின் சரியாக ஏறாது, கால் மணி நேரம் விட வேண்டும்.

விட்டவர்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: கனவு. மறதியில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுவிட்டதாகக் கனவு வரும். ஐயோ என்று பதறி எழுந்து, இருட்டில் நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். 1991இல் ஹாயெக்கும் பெல்ச்சரும் வெளியிட்ட ஆய்வில், சிகரெட்டை விட்டு ஒன்று முதல் நான்கு வாரம் ஆனவர்களில் மூன்றில் ஒருவருக்கு இப்படிப்பட்ட கனவு வந்திருந்தது. கனவு வந்தவர்களே பின்னாலும் விட்ட நிலையில் அதிகம் நீடித்தார்கள். வீட்டில் சொன்னால் "இன்னும் அதே நெனப்பா?" என்பார்கள். அந்தப் பெரியவருக்கு விடிகாலையில் செய்தி அனுப்பினால் பதில் உடனே வரும்:

"எனக்கு நேத்து கனவுல துப்ப இடம் கிடைக்கல தம்பி."